மாக்கோழியும் கணினித் தவளையும்

கடந்த ஆண்டு வீரநிர்வாண நாளை முன்னிட்டு எங்கள் குடும்பத்தார் அனைவரும் வந்தவாசிக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரில் கூடியிருந்தோம். ஆலயத்தில் அதிகாலைப் பூசை முடிந்து, காலைச் சிற்றுண்டியும் ஆயிற்று. பெண்கள் அடுக்களையிலும் ஆடவர் திண்ணையிலும் பேச்சில் ஆழ்ந்திருந்தனர். சென்னையில் பத்தாம் வகுப்பில் பயிலும் என் மகன் வயிற்றுப் பேத்தி கூடத்தின் ஒரு மூலையில் அமர்ந்து, பள்ளியில் கொடுத்திருந்த கணினிப் பலகையை மடியில் வைத்து ஏதோ செய்து கொண்டிருந்தாள். இடையிடையே சிரித்தாள். என்ன வேடிக்கை என்று எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு தவளை மல்லாந்து கிடந்தது. அவள் தன் விரலை அதன் வயிற்றின் மீது கோடிழுப்பது போல இழுத்தாள். தோல் இரு பக்கமும் விலகியது.

நான் முகம் சுளித்ததை அவள் கண்டிருக்க வேண்டும். "பாட்டி, இது நிஜத் தவளை இல்லை. வெறும் படம்தான்" என்றாள்.

திண்ணையிலிருந்து தண்ணீர் அருந்த உள்ளே வந்த என் கொழுந்தனார் இதைக் கேட்டுக் கொண்டே நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர். நாள்தோறும் நூலோதாமல் உணவு கொள்ளாதவர். அவர் உரக்கப் பேசவில்லை. "அண்ணி, யசோதரனும் இதைத்தானே சொன்னான்? உயிரில்லை, வெறும் மாவுதானே என்று?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்புடன் வெளியே சென்று விட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் மறுமொழி கூற இயலவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவள் நான். அவற்றுள் இருபத்தோர் ஆண்டுகள் ஆசிரியர்களுக்கே கற்பிக்கும் பணி. மறுமொழி இல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத ஒன்று. அதனால்தான் இக்கட்டுரை.

யசோதர காவியத்தின் கதையை நம் இல்லங்களில் அறியாதார் இலர். எனினும் இளையோரின் பொருட்டுச் சில வரிகள் சொல்கின்றேன். தீக்கனவு கண்ட மன்னன் யசோதரனை, சண்டமாரிக்கு உயிர்ப்பலி தருமாறு தாய் சந்திரமதி வற்புறுத்துகின்றாள். உயிரைக் கொல்ல அவன் மனம் ஒப்பவில்லை. தாயின் சொல்லையும் தள்ள முடியவில்லை. இரண்டிற்கும் இடையே ஒரு வழி கண்டுபிடிக்கின்றான். மாவினால் ஒரு கோழி செய்து அதனைப் பலியிடுகின்றான். அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் மேலும் பல விலங்குகளாகவும் பிறந்து பிறந்து வருந்துகின்றனர். செய்கையில் ஓர் உயிரும் போகவில்லை, எண்ணத்தில் போயிற்று. திரவிய ஹிம்சை, பாவ ஹிம்சை என்று நம் பெரியோர் பிரித்துரைத்ததற்கு இதனினும் கூரிய எடுத்துக்காட்டு இல்லை. (பாவம் என்னும் ஒரே எழுத்துக்கூட்டு தமிழில் வடமொழியின் எண்ணத்தையும் குறிக்கின்றது, தீவினையையும் குறிக்கின்றது. இளமையில் இது எனக்குப் பெருங்குழப்பம் தந்ததுண்டு. இப்போது அது அவ்வளவு பிழையான குழப்பமாகத் தோன்றவில்லை.)

என் கொழுந்தனாருக்கு மறுமொழி சொல்லும் முன்னர், என் கையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

நான் பட்டப் படிப்பில் விலங்கியல் பயின்றவள். 1970-ஆம் ஆண்டு ஒரு காலை, செய்முறைக் கூடத்தின் வாயிலில் நனைந்த கோணிப்பை ஒன்று கிடந்தது. அது அசைந்து கொண்டிருந்தது. ராணா ஹெக்சாடாக்டைலா என்று நாங்கள் ஏட்டில் எழுதி மனனம் செய்திருந்த பச்சைத் தவளைகள் அதனுள் இருந்தன. குளோரோஃபார்ம் இட்ட சாடியிலிருந்து எனக்குரியதை எடுத்து மெழுகுத் தட்டில் கிடத்தி, நான்கு கால்களிலும் குண்டூசி குத்தினேன். வயிற்றைத் திறந்தபோது இதயம் துடித்துக் கொண்டிருந்தது. மூன்று அறைகள் உடைய இதயம் என்று படித்திருந்தேன். துடிக்கும் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவு உண்ணாமல் படுத்தேன். விடுதிக் காப்பாளர் காய்ச்சலா என்று கேட்டார். ஆம் என்றேன். அது பொய். ஆக ஒரே நாளில் இரண்டு.

படிப்பை விட்டுவிட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குச் சென்ற பெண்களில் நான் இரண்டாமவள். நான் திரும்பி வந்தால் எனக்குப் பின்னால் யாரையும் அனுப்ப மாட்டார்கள். இது காரணமா, சாக்கா என்று இன்று வரை எனக்குத் தெளிவில்லை.

பின்னர் ஆசிரியை ஆனேன். 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய பின், எட்டு ஆண்டுகள் உயிரியல் செய்முறை வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. சிக்கனம் கருதி இரு மாணவியருக்கு ஒரு தவளை. முப்பது மாணவியர், ஆண்டுக்கு இருமுறை. கணக்கிட்டால் 240 தவளைகள். அவற்றுள் ஒன்றைக்கூட நான் வெட்டவில்லை. வெட்டச் சொன்னேன். செய்தல், செய்வித்தல், செய்வோர்க்கு உடன்படல் ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடும் அறத்தில் பிறந்தவள் நான். கை படியவில்லை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

இனி, கேள்விக்கு வருகின்றேன்.

யசோதரனின் பிழை யாது? உயிரில்லாத மாவை வெட்டியது பிழையன்று; அடுக்களையில் நாள்தோறும் நாம் செய்வது அது. தன் நலத்திற்காக ஓர் உயிரைக் கொடுக்கலாம் என்னும் கொள்கையை அவன் மனத்தளவில் ஏற்றுக் கொண்டான். ஏற்றுக்கொண்ட பின், அதன் விலையை மட்டும் கொடுக்காமல் தப்ப முயன்றான். தெய்வத்தின் முன் அந்த மாவு கோழியாகவே நின்றாக வேண்டும். இல்லையேல் பலி பலியாகாது. எனவே வாளை ஓங்கிய கணத்தில் அவன் நெஞ்சில் இருந்தது மாவன்று, கோழி. அதுமட்டுமன்று. மாக்கோழி, பலி என்னும் வழக்கத்தை ஒழிக்கவில்லை. அதற்கு ஒரு பணிவான வடிவம் தந்து அதனை மேலும் வாழ வைத்தது.

கணினித் தவளையின் வரலாறு வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்கியல் படிப்புகளில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது; 2014-இல் அவ்வழக்கத்தை முற்றும் கைவிடுமாறு அறிவித்தது. அயல்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1987-இல் கலிபோர்னியாவில் ஜெனிஃபர் கிரகாம் என்னும் பள்ளி மாணவி தவளையை அறுக்க மறுத்து வழக்காடினாள். மறு ஆண்டே அம்மாநிலம், அறுக்க விரும்பாத மாணவர்க்கு வேறு வழியில் கற்கும் உரிமையைச் சட்டமாக்கியது. எனக்குப் பதினெட்டு வயதில் இல்லாத துணிவு அப்பெண்ணுக்கு இருந்தது. 'வேறு வழி' என்று ஒன்றைக் காட்ட முடிந்ததனால்தான் இம்மாற்றங்கள் நடைபெற முடிந்தன. படங்களும் மாதிரிகளும் பின்னர்க் கணினிப் பாவனைகளும் அந்த வேறு வழியாயின. கோணிப்பையைச் செய்முறைக் கூடத்தின் வாயிலிலிருந்து அகற்றியதில் அவற்றுக்குப் பங்குண்டு. மாக்கோழி பலிபீடத்தைக் காத்தது. இது பலிபீடத்தைக் காலி செய்தது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பது என் துணிபு.

இவ்வளவோடு நிறுத்திக் கொண்டால் என் கொழுந்தனாரை வென்றதாக ஆகலாம். ஆனால் பேத்தியின் சிரிப்பு என் காதில் இருக்கின்றது.

அவள் அருகில் அமர்ந்து, முழுவதையும் எனக்குக் காட்டச் சொன்னேன். உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உரிய பெயரின் மீது வைத்தால் மணி ஒலிக்கின்றது, மதிப்பெண் கூடுகின்றது. கல்லீரல், இரைப்பை, சிறுநீரகம் ஆகியவை நான் கண்டதைவிடத் தெளிவாக, வண்ணம் பிரித்துக் காட்டப்பட்டிருந்தன. உண்மையில் அவை அனைத்தும் ஒன்றோடொன்று ஒட்டிய, வழுக்கும் ஒரே நிறத்துக் குவியலாகத்தான் தொடக்கத்தில் கண்ணுக்குப் படும். இறுதியில் ஒரு பொத்தான். 'மீண்டும் தொடங்கு.' அதனைத் தொட்டாள். எல்லா உறுப்புகளும் உள்ளே புகுந்து, தோல் மூடி, தவளை முழுமையாக நின்றது.

"நீங்கள் வெட்டியதும் இப்படி எழுந்திருக்குமா பாட்டி?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே அது தோன்றியிருக்கின்றது.

இல்லை என்றேன். அந்தக் கோணிப்பையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். என் மகனுக்குக் கூட இதுவரை நான் சொன்னதில்லை.

மீண்டும் தொடங்கும் பொத்தானைப் பற்றித்தான் எனக்கு அச்சம். அறிவைப் பொறுத்தவரை அது ஒரு வரம். தவறினால் மீண்டும் செய்யலாம். ஆனால் உடலைத் திறப்பது விளையாட்டு என்னும் எண்ணம் அதன் வழியே உள்ளே நுழையுமானால், கொல்லாமையைக் காக்க வந்த கருவியே கொல்லாமைக்குத் தேவையான அந்தக் கூச்சத்தைத் தேய்த்துவிடக் கூடும். தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கும்போது உயிர் போவதை மட்டும் சொல்லவில்லை. பிரமாதம் என்னும் கருத்தின்மையை அதன் முதலில் வைக்கின்றது. மணி ஒலிக்கும் தவளை குழந்தையைக் கருத்தின்மைக்குப் பழக்குகின்றதா? இதற்குக் கருவி விடை சொல்லாது. அருகில் இருப்பவர் என்ன சொல்கின்றார் என்பதைப் பொறுத்தது. அருகில் ஒருவரும் இல்லாமல், குழந்தைகளைத் திரையோடு தனியே விட்டுவிடும் வழக்கம் பெருகி வருவதைத்தான் நான் பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் கண்டித்து வருகின்றேன்.

தவளையை விட்டுச் சற்று விலகி, இப்பாவனைகளைப் பொதுவாக நோக்குவோம். இவை உயிரியலுக்கு மட்டும் உரியவையல்ல. மின்சுற்று, ஊசல், ஒளி விலகல், அணு, வாயுக்கள் என்று அறிவியலின் எல்லாப் பகுதிகளுக்கும் உள்ளன. 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், மறு ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அதன் பாவனைகள் எவருக்கும் கட்டணமில்லை. பலவற்றைத் தமிழிலும் பெறலாம். 2018 முதல் வெளிவந்த நம் மாநிலப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்னும் பகுதியில் இத்தகையவற்றிற்கு வழி காட்டப்பட்டுள்ளதை ஆசிரியர்கள் அறிவர். நம் நாட்டில் அமிர்த விசுவ வித்யாபீடமும் மும்பை சிடாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஓலேப்ஸ், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான செய்முறைகளைத் திரையில் தருகின்றது. மறுபுறம், அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கிஸ்மோஸ், டென்மார்க்கில் பிறந்த லேப்ஸ்டர் போன்றவை ஆண்டுச் சந்தா பெற்று நடப்பவை.

2005-இல் கொலராடோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு வியப்பளித்தது. கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் உண்மையான விளக்குகள், கம்பிகள், அளவிகள் கொண்டும், மற்றொரு பகுதியினர் கணினிப் பாவனை கொண்டும் மின்சுற்றைப் பயின்றனர். பின்னர்ச் சோதித்தபோது, பாவனையில் பயின்றவர்களே கருத்துகளை நன்கு விளங்கிக் கொண்டிருந்தனர். உண்மையான சுற்றை அமைத்து விளக்குவதிலும் அவர்களே முந்தினர். பல ஆண்டுகள் "கையால் செய்யாதது கல்வியன்று" என்று வகுப்பறையில் முழங்கிய எனக்கு இது கசப்பு மருந்து. ஆயினும் உண்மை யாரிடமிருந்து வந்தாலும் ஏற்பது நம் மரபு.

காரணம் எண்ணிப் பார்த்தால் விளங்குகின்றது. திரையில் மின்னணுக்கள் சிறு நீலப் புள்ளிகளாய்க் கம்பியில் ஊர்வது தெரிகின்றது. உலகில் எவரும் கண்ணால் கண்டிராதது அது. உண்மைக் கம்பியில் ஒன்றும் தெரியாது. விளக்கு எரியும் அல்லது எரியாது. எரியாவிட்டால் கருத்துத் தவறா, கம்பி முனை துருப்பிடித்ததா என்று மாணவன் தடுமாறுவான். பாவனை, தடுமாற்றத்திற்கான காரணங்களை அகற்றிவிட்டுக் கருத்தை மட்டும் முன் நிறுத்துகின்றது.

அதுவே அதன் குறையும் ஆகும். துருப்பிடித்த கம்பி இல்லாத உலகம் ஒன்று உண்டென்று அது நம்ப வைக்கின்றது. மின்கலத்தின் இரு முனைகளையும் நேரே இணைத்தால் திரையில் தீச்சுடர் எழும், விரல் சுடாது. பாவனையில் நிகழ்பவை அனைத்தும், அதனை ஆக்கியவர் முன்னரே அறிந்து உள்ளே வைத்தவை. எவ்வளவு நேரம் தோண்டினாலும் ஆக்கியவர் அறியாத ஒன்று அதிலிருந்து வெளிவராது. இயற்கையோ நாம் கேட்காததையும் சொல்லும்.

பயிற்சி நிறுவனத்தில் ஒரு முறை ஊசல் பாடம் நடத்தினோம். பித்தளைக் குண்டுகள் போதாமையால், ஒரு மாணவி தோட்டத்திலிருந்து கருங்கல் ஒன்றை எடுத்து வந்து கட்டினாள். நூலின் நீளம் சரியாக 100 சென்டிமீட்டர். இருபது அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 வினாடி வர வேண்டும். அவளுக்கு 41 வந்தது. மூன்று முறை செய்தும் 41. ஏட்டில் 40 என்று திருத்தி எழுதிக் கொள்ளுமாறு அருகிலிருந்த தோழி சொன்னாள். அவள் திருத்தவில்லை. அழும் நிலையில் என்னிடம் வந்தாள். கல்லைப் பார்த்தேன். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள கல். ஊசலின் நீளத்தைக் கல்லின் நடுவரை அளக்க வேண்டும். அவள் முடிச்சோடு நிறுத்திவிட்டாள். 105 என்று வைத்துக் கணக்கிட்டால் 41 சரியாக வருகின்றது. அந்தக் கல் பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. செய்முறை வகுப்பில் கணக்கிலடங்காத ஏடுகளைத் திருத்திய எனக்கு, பொய்யாமைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த 41 தான். திரையில் ஊசலின் நீளம் எப்போதும் சரியாகவே இருக்கும். பொய் எழுதும் சோதனையே அங்கு எழாது. ஆகவே பொய்யாமையைப் பயிலவும் இடமில்லை.

ஆதலால் நான் கொண்ட வழி எளிது. நூலும் கல்லும் கிடைக்கும் இடத்தில் நூலையும் கல்லையும் எடுங்கள். மின்னணுவைக் காட்ட வேண்டிய இடத்தில் திரையை எடுங்கள். உயிரைத் திறக்க வேண்டிய இடத்தில் திரையைத் தவிர வேறொன்றையும் எடுக்க வேண்டா.

இப்போது, இக்கட்டுரையில் எனக்கு மிகவும் கடினமான பகுதிக்கு வந்துவிட்டேன்.

என்னிடம் பயிற்சி பெற்ற ஒருவர், இன்று ஒரு சிற்றூர்ப் பள்ளியின் தலைமையாசிரியை. சென்ற ஆடி மாதம் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, உங்களிடம் மட்டும்தான் இதைக் கேட்க முடியும்" என்று தொடங்கினார். அவருடைய உறவினர் ஒருவர் நகரத்துப் பெரிய பள்ளியில் பணியாற்றுகின்றார். அப்பள்ளி ஆயிரக்கணக்கில் செலவிட்டு அறிவியல் பாவனைகளுக்குச் சந்தா செலுத்தியுள்ளது. உறவினர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இவருக்குக் கொடுத்தார். நான்கு மாதங்களாக இவருடைய பள்ளியின் நாற்பது பிள்ளைகள் அதில் பயில்கின்றனர். ஆய்வகமே இல்லாத பள்ளி அது. "பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் இது தவறென்று தோன்றவில்லை. இரவில் படுத்தால் தோன்றுகின்றது. இது களவா, தானமா?"

அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆனால் பயிற்சிக் காலத்தில் நான் அடிக்கடி தானத்தைப் பற்றிப் பேசியதை நினைவில் வைத்திருக்கின்றார். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்திற்குத் தனிச் சிறப்புண்டு. கொடுத்தால் குறையாதது அது ஒன்றே. ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்ததனால் நகரத்துப் பள்ளியின் ஒரு குழந்தைக்கும் எதுவும் குறையவில்லை. இது அவர் தரப்பு நியாயம். வலுவான நியாயம் என்பதை ஒப்புக் கொள்கின்றேன்.

ஆனால் தானத்திற்கு முதல் நிபந்தனை, கொடுக்கப்படும் பொருள் கொடுப்பவருடையதாக இருத்தல். பிறர் களஞ்சியத்தைத் திறந்து பசித்தவருக்கு நெல் அளப்பவரின் இரக்கத்தை நாம் மதிக்கலாம். அதற்குத் தானம் என்று பெயரிட முடியாது. கள்ளாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள், களவுக்குப் பிறரை ஏவுதலும் களவாடிய பொருளை ஏற்றலும் முதல் இரண்டாக எண்ணப்படுகின்றன. ஏற்பவரும் கணக்கில் வருகின்றார். இத்தனை பேர்தாம் பயன்படுத்துவோம் என்று சொல்லித்தான் அந்தப் பள்ளி சந்தா செலுத்தியிருக்கும். சொல்லை மீறுவதால், கள்ளாமையோடு பொய்யாமையும் சேர்ந்தே குலைகின்றது.

அறிவுக்கு விலை வைப்பதே குற்றம், குற்றத்தை மீறுவது குற்றமாகாது என்று சிலர் வாதிடக் கேட்டிருக்கின்றேன். நம் மரபின் துணையையும் நாடுவர். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது கும்பகோணத்துச் சமணக் குடும்பங்கள் அதன் பொருளையும் சமயக் கருத்துகளையும் அவருக்கு எடுத்துரைத்தன. 1887-இல் நூல் வெளிவந்தது. எவரும் கட்டணம் கேட்கவில்லை. உண்மைதான். ஆனால் அக்குடும்பங்கள் கொடுத்தது தம்முடையதை.

மேலும், சாத்திர தானம் என்றும் செலவில்லாமல் நடந்ததில்லை. கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். ஓலை வாங்க வேண்டும், பதப்படுத்த வேண்டும், எழுதுவோர்க்கு உணவும் ஊதியமும் தர வேண்டும். பெற்றவருக்கு விலையில்லை, ஏனெனில் ஒருவர் விலை கொடுத்து விட்டார். ஃபெட் பாவனைகளும் அவ்வாறே. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனமும் ஹியூலெட் அறக்கட்டளை போன்றவையும் நல்கிய பொருளால் அவை எழுந்தன. எங்கோ ஓர் அத்திமப்பை இருந்தால்தான் இலவசம் என்பது இருக்கும். சந்தா நிறுவனத்தில் பணியாற்றுவோர்க்கும் வீடு வாசல் உண்டு என்பதை மறுக்க எனக்கு மனமில்லை.

இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதுவே என்னை உறுத்துகின்றது. அத்திமப்பையின் ஓலை, பெற்றவர் இல்லத்தில் தங்கியது. பேரனும் ஓதலாம். சந்தாவில் பெறுவது தங்குவதில்லை. பணம் நின்ற நாளில் கதவு அடைபடும். ஆசிரியர் அதனையே நம்பிப் பாடம் அமைத்திருந்தால், பாடமும் அதனோடு போகும். இலவசமாய்ப் பெற்றவையும் நிலையானவை என்று எண்ண வேண்டா. ஃப்ளாஷ் என்னும் மென்பொருளை அதன் நிறுவனம் 2020 டிசம்பருடன் கைவிட்டபோது, அதனை நம்பியிருந்த கல்விப் பாவனைகள் எத்தனையோ செயலற்றுப் போயின. ஃபெட் குழுவினர் தம்முடையவற்றைப் புதிய முறையில் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. செல்லரித்த ஓலையைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதும் பணி இந்நாளிலும் முடிந்தபாடில்லை.

தலைமையாசிரியைக்கு நான் சொன்னது இது. "கடவுச்சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிடு. உறவினரிடம், இனி யாருக்கும் கொடுக்க வேண்டா என்றும் சொல்." அவர் மறுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நேரில் வந்தார். கட்டணமில்லாத பாவனைகளைக் கொண்டு பெரும்பாலான பாடங்களை நடத்திவிட்டாராம். மின்சுற்றுக்கும் ஒளிக்கும் அவை தமிழிலேயே இருந்தமையால் முன்பைவிட நன்றாகவும் நடந்தனவாம். ஆனால் தவளைக்கு, பிள்ளைகள் பார்த்துப் பழகியிருந்த அளவுக்கு நன்றாக ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. சுவரில் வரைபடத்தை மாட்டி நடத்தினார். "நீங்கள் சொன்னது சரிதான் அம்மா. ஆனால் பின் வரிசையில் ஒரு பையன், அந்தப் படம் ஏன் வருவதில்லை என்று இப்போதும் கேட்கின்றான். அவனுக்கு என்ன சொல்ல?"

நேர்மைக்கு விலை உண்டு என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த விலையை ஆசிரியையும் செலுத்தவில்லை, நானும் செலுத்தவில்லை. பின் வரிசைப் பையன் செலுத்தினான். இது எனக்குப் பொறுக்கவில்லை.

என் ஓய்வூதியத்திலிருந்து ஓராண்டுச் சந்தாவை அப்பள்ளியின் பெயரிலேயே செலுத்தினேன். நகரத்துப் பள்ளிக்கு ஆகும் தொகையன்று. சிறு பள்ளிக்குரிய குறைந்த கட்டணம். மேடையில் அறிவிக்கும் அளவுக்கு இது பெரிதன்று. இங்கு எழுதுவதற்கும் கூசுகின்றது; ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் அதுவும் பொய்யாகும். 240 தவளைகளுக்கு இது ஈடாகும் என்று நான் எண்ணவில்லை. கொழுந்தனாரிடம் இதைச் சொன்னபோது, "ஈடு செய்ய முடியுமானால் அதற்குப் பெயர் கர்மம் ஆகுமா அண்ணி?" என்றார். மாக்கோழி பற்றிய என் வாதத்தையும் அவரிடம் சொன்னேன். பலிபீடம் காலியானது என்பதை ஏற்றுக் கொண்டார். மணி ஒலிப்பதை மட்டும் ஏற்கவில்லை. அதை நிறுத்த வழி உண்டா என்று கேட்டார். பேத்தியைக் கேட்டோம். ஒலியை அணைக்கும் ஒரு குறி திரையின் ஓரத்திலேயே இருந்தது.

தலைமையாசிரியையிடம் தொலைபேசியில் அதைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அந்த மணிதான் மிகவும் பிடிக்கும் என்றார். ஆயினும் தவளைப் பாடத்திற்கு மட்டும் அணைத்து வைப்பதாக ஒப்புக் கொண்டார். பாடம் தொடங்கும் முன் கோணிப்பைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நாள் நேரில் வருமாறும் அழைத்திருக்கின்றார். தை மாதத்தில் செல்வதாக இருக்கின்றேன். சந்தா வரும் ஜூன் மாதத்தோடு முடிகின்றது. மறு ஆண்டைப் பற்றி அவர் இதுவரை ஏதும் கேட்கவில்லை. நானும் ஏதும் சொல்லவில்லை.